கவனக்குறைவாக ஓட்டும் ஜாக்கிக்கு என்ன தண்டனை? புதுச்சேரி, கடலூர் ரேஸ் ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் குதிரை ரேஸ் கோர்ஸ் கிடையாது. ஆனாலும் ரேஸ் பார்க்கிற கூட்டம் இரண்டு ஊரிலும் உண்டு. ஈசிஆர் வழியாகக் கிண்டிக்குப் போய் வந்தவர்கள், பெங்களூரு சீசனுக்கு பஸ் ஏறுகிறவர்கள், பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களோடு சேர்ந்து அங்கத்திய ரேஸைப் பின்தொடர்கிறவர்கள் என்று பல வகை. இவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு: "அவன் குறுக்கே வந்தான், ஏன் குதிரையை கீழ் இடத்துக்கு இறக்கலை?" அல்லது "குதிரைக்கு ஜெயிப்பு, ஜாக்கிக்கு மட்டும் சஸ்பென்ஷனா?"

இந்தச் சண்டையில் பாதி, இரண்டு தீர்ப்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது. ரேஸ் முடிவு ஒரு தீர்ப்பு, குதிரையை ஓட்டும் ஜாக்கியின் நடத்தை இன்னொரு தீர்ப்பு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கவனக்குறைவான ஓட்டம் என்று சரியாக எதைச் சொல்கிறார்கள்?

போதுமான இடைவெளி இல்லாமல் இன்னொரு குதிரையின் பாதைக்குள் தன் குதிரையை விடுவது, அல்லது அது தானாகச் சாயும்போது தடுக்க வேண்டிய முயற்சியை எடுக்காமல் இருப்பது. வேண்டுமென்றே செய்தார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான கவனத்தோடு ஓட்டும் ஜாக்கி அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பது மட்டும்தான் கேள்வி.

இதற்கு மேலே கடுமையான படிகள் இருக்கின்றன. ஆபத்து தெரிந்தும் பொருட்படுத்தாமல் ஓட்டுவது ஒன்று. முழங்கையால் இடிப்பது, பக்கத்து ஜாக்கியின் லகானைப் பிடிப்பது போன்ற முரட்டு ஆட்டம் இன்னொன்று. ஆஸ்திரேலிய விதிப்புத்தகத்தில் கவனக்குறைவு, பொறுப்பற்ற ஓட்டம், முறையற்ற ஓட்டம், திறமையற்ற ஓட்டம், முரட்டு ஓட்டம் எல்லாம் ஒரே விதியில் அடுத்தடுத்து வரும். எந்தப் பெயரில் குற்றம் சாட்டுகிறார்கள் என்பதிலேயே தண்டனையின் கனம் பாதி தெரிந்துவிடும். இவற்றில் கவனக்குறைவுதான் மிக அதிகமாக நடப்பது. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் உள்ளே வரலாம்?

பொதுவாக இரண்டு லெங்த் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம், சுமார் 8 அடி. ரேஸ் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு லெங்த்தைக் கடக்க 0.15 விநாடிதான் ஆகும், இரண்டு லெங்த் என்றால் 0.3 விநாடி. பின்னால் வருகிற ஜாக்கிக்குக் கிடைக்கிற அவகாசம் மொத்தமும் அவ்வளவுதான்.

கடலூர் சாலையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பஸ் உங்களைத் தாண்டுகிறது, அதன் பின்பக்கம் உங்களை இன்னும் முழுசாகக் கடக்கவில்லை, அதற்குள் இடது பக்கம் ஒடிக்கிறார் டிரைவர். பஸ் முன்னால் இருந்தது உண்மைதான், ஆனால் அந்த இடம் அதற்குச் சொந்தமாகவில்லை.

இடைவெளி போதாமல் வந்தால் என்ன ஆகும்? பின்னால் வரும் குதிரையின் முன்னங்கால், முன்னால் போகும் குதிரையின் பின்னங்கால் குளம்பில் தட்டும். ஓடுகிற குதிரை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடை. கால் தட்டினால் அது தலைகுப்புற விழும், மேலே இருப்பவர் அதற்கும் முன்னால் போய் விழுவார், பின்னால் வரும் குதிரைகள் அவர் மேலேயே ஏறும். ஜாக்கிகள் முடங்கிப்போவதும் உயிரை விடுவதும் இப்படித்தான். "சும்மா உரசினதுக்கா சஸ்பென்ஷன்" என்று கேட்கிறவர்கள் இந்தக் காட்சியை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குதிரை தானாகச் சாய்ந்தால் ஜாக்கி என்ன செய்வார், பாவம்?

களைத்த குதிரை கடைசி 200 மீட்டரில் ஒரு பக்கம் சாய்வது சகஜம். சாய்ந்தது குற்றமில்லை. சாய்ந்த பிறகு ஜாக்கி என்ன செய்தார் என்பதுதான் குற்றத்தைத் தீர்மானிக்கும்.

சாட்டை வலது கையில் இருந்தால் குதிரை பெரும்பாலும் இடப்பக்கம் ஒதுங்கும், இடது கையில் இருந்தால் வலப்பக்கம் ஒதுங்கும். ஆகவே குதிரை இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது வலது கைச் சாட்டையை ஓங்கிக்கொண்டே இருந்தால் ஜாக்கியே அதைத் தள்ளுகிறார் என்று அர்த்தம். அவர் செய்திருக்க வேண்டியது மூன்று காரியம்: சாட்டையை நிறுத்துவது, இரண்டு கையாலும் லகானைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்குவது, நேரான பிறகு வேண்டுமானால் சாட்டையைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி விரட்டுவது. இதற்கு ஓரிரு தாவலுக்கு வேகம் குறையும், ஜெயிக்கிற ரேஸ்கூட கைநழுவலாம். அதற்குத் தயங்கித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர் நேராக்க முயன்றது படத்தில் தெரிந்தால், இடைஞ்சல் நடந்திருந்தாலும் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விடுவார்கள், சில சமயம் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. வெளிப்பக்கத்துக் குதிரை நெருக்கியதால் நடுக்குதிரை உள்ளே தள்ளப்பட்டிருக்கலாம். பார்க்கிறவர் கண்ணுக்கு இடித்தது நடுக்குதிரை, குற்றவாளி வெளியே இருப்பவர். ரேஸைக் கண்காணித்துத் தீர்ப்புச் சொல்லும் ஸ்டீவர்டுகள் ஒரு குதிரையோடு நிற்காமல் வரிசையாக வெளிப்பக்கம் வரைக்கும் பார்ப்பது இதற்காகத்தான்.

விசாரணை எப்படி நடக்கிறது?

ஸ்டைபெண்டரி ஸ்டீவர்டுகள் என்ற சம்பள அதிகாரிகள் ரேஸை உயரத்திலிருந்தும் பல கோணக் கேமராக்களிலும் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் முடிவை உறுதி செய்வதற்கு முன்பே என்குயரி, அதாவது விசாரணை, அறிவிப்பார்கள். பாதிக்கப்பட்ட ஜாக்கியும் இறங்கியதும் பணம் கட்டி அப்ஜெக்ஷன் (ஆட்சேபம்) கொடுக்கலாம். அதற்கு நேரக்கெடு மிகக் குறைவு. ஆதாரமே இல்லாமல் வீம்புக்குக் கொடுத்தால் கட்டிய பணம் போய்விடும்.

முதல் கட்டத்தில் இடங்கள் மாறுமா என்பதை மட்டும் முடிவு செய்கிறார்கள். வெளியே கூட்டம் பந்தய டிக்கெட்டோடு காத்திருப்பதால் அது நிமிடக் கணக்கில் முடிய வேண்டும். ஜாக்கி மேலான நடவடிக்கை பிறகு, அதே நாளில் அல்லது இன்னொரு நாளில் வரும். சம்பந்தப்பட்ட ஜாக்கிகளைக் கூப்பிடுவார்கள், படத்தை அவர்கள் முன்னால் போடுவார்கள், இடைஞ்சல் பட்டவரிடம் முதலில் கேட்பார்கள், அடுத்து இடித்தவரிடம். பிறகு குற்றச்சாட்டை விதியின் பெயரோடு சொல்வார்கள்: எந்த இடத்தில், எந்தக் குதிரையை, எந்தப் பக்கம் விட்டார், அதனால் யார் லகானை இழுக்க வேண்டி வந்தது என்று. ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று கேட்பார்கள். குற்றம் உறுதியான பிறகுதான் தண்டனை பற்றிய பேச்சு. அந்த நேரத்தில் தன் பழைய ரெக்கார்டைச் சொல்லிக் குறைக்கச் சொல்வது ஜாக்கியின் உரிமை.

இடித்த ஜாக்கிக்குச் சாதகமாக இடிபட்டவரே பேசுவதும் நடக்கும். ஒரே அறையில் உடை மாற்றுகிறவர்கள், நாளைக்கு இவர் அவரிடம் மாட்டலாம். ஸ்டீவர்டுகளுக்கு இது தெரியும். வாய்ச்சொல்லை விடப் படத்துக்கு எடை அதிகம் கொடுப்பதற்கு அதுவும் காரணம்.

வீடியோவில் நாங்களே பார்த்துப் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, ஆனால் டிவியில் காட்டும் பக்கவாட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது யார் முன்னால், எத்தனை லெங்த் என்று காட்டும். யார் எவ்வளவு குறுக்கே நகர்ந்தார் என்பதைக் காட்டாது. நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் நகர்வு பளிச்சென்று தெரியும், ஆனால் முன்பின் தூரம் நசுங்கிப்போய், இரண்டு லெங்த் இடைவெளி இருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஓடுவதுபோலத் தோன்றும். இரண்டையும் ஒரே விநாடிக்கு நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்படத்தில் முதலில் ஓடுகளத்து ரெயிலை, அதாவது ஓர வேலியைக் கவனியுங்கள். ரெயிலிலிருந்து குதிரைக்கு உள்ள தூரம் எப்போது சுருங்க ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகர்வு ஆரம்பித்த இடம் அதுதான். அடுத்து நகர்ந்தவரின் கைகள்: லகானில் இருக்கிறதா, சாட்டை மேலே போகிறதா? தலையைத் திருப்பிப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தாரா? கடைசியாகப் பின்னால் இருப்பவர். நிஜமாக இடைஞ்சல் பட்ட ஜாக்கியின் இடுப்பு சேணத்துக்கு மேல் எழும், கால் அங்கவடியில் முன்பக்கம் ஊன்றும், முழங்கை பின்னுக்கு வரும், குதிரையின் தலை மேலே தூக்கி வாய் திறக்கும். இவை ஒன்றுகூட இல்லாமல் ஜாக்கி மட்டும் எழுந்து கையைக் காட்டினால், ஏற்கெனவே ஓய்ந்துபோன குதிரைக்குச் சாக்குத் தேடுகிறார் என்று சந்தேகப்படலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு, இடி விழுந்த கணத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது. ஐந்தாறு தாவல் பின்னால் போய்த் தொடங்குங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

ஜாக்கி குற்றவாளி, ஆனால் குதிரைக்கு முதலிடம். இது எப்படி நியாயம்?

உலகத்தில் இரண்டு கொள்கைகள் இருக்கின்றன. முதல் கொள்கைப்படி, இடைஞ்சல் நடக்காமல் இருந்தால் இடிபட்ட குதிரை இடித்த குதிரையை முந்தியிருக்கும் என்று ஸ்டீவர்டுகள் திருப்தியானால்தான் இடம் மாறும். கால் லெங்த் இழந்த குதிரை மூன்று லெங்த்தில் தோற்றிருந்தால் முடிவு அப்படியே நிற்கும். இரண்டாம் கொள்கையில் அந்தக் கணக்கு இல்லை. இடிபட்ட குதிரைக்கு நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு கெட்டது என்றால் போதும், இடித்த குதிரையை அதற்குப் பின்னால் இறக்கிவிடுவார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங் முதல் வகை. ஜப்பான் 2013-இல் அதற்கு மாறியது, பிரான்சும் ஜெர்மனியும் 2018-இல் மாறின. அமெரிக்கா இரண்டாம் வகையிலேயே நிற்கிறது. பிரான்சில் 2018-க்கு முன் ரேஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இப்போதைய தீர்ப்புகள் இளகிவிட்டதுபோலத் தோன்றுவதற்கு இந்த மாற்றமே காரணம்.

2019 கென்டக்கி டெர்பி நல்ல எடுத்துக்காட்டு. மேக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை 1¾ லெங்த் வித்தியாசத்தில் முதலாவதாக வந்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கம் ஒதுங்கி மற்றவற்றுக்கு இடைஞ்சல் செய்தது என்று 22 நிமிட விசாரணைக்குப் பிறகு 17-ஆம் இடத்துக்கு இறக்கினார்கள். கன்ட்ரி ஹவுஸ் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. ஜாக்கி லூயிஸ் சாயெஸுக்கு 15 ரேஸ் நாள் தடை. முதல் கொள்கை உள்ள நாட்டில் அதே சம்பவத்தில் குதிரை முதலிடத்திலேயே இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஜாக்கிக்கான தடை மட்டும் அங்கேயும் விழுந்திருக்கும்.

எங்கள் கருத்தில் முதல் கொள்கையே சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. குதிரையைக் கீழே இறக்காத ஊரில் ஜாக்கிக்கான தண்டனை உறைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "நாலு நாள் வீட்டில் இருந்தால் போச்சு, கப் வந்துவிட்டது" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய பரிசு ரேஸில் செய்த தவறுக்குச் சில நாடுகள் கூடுதல் நாள் சேர்ப்பது இந்தக் கணக்கை உடைக்கத்தான். பிரிட்டனில் ஓட்டம் ஆபத்தானது என்று தீர்ப்பானால் குதிரையையே நீக்கிவிடுகிறார்கள்.

எத்தனை நாள் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஸ்டீவர்டுகள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். கவனக்குறைவு எந்த அளவு? விளைவு எந்த அளவு? ஆஸ்திரேலிய மாநிலங்களில் இதற்கு அட்டவணையே உண்டு: குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தரம் பிரித்து, விளைவோடு பொருத்தி அடிப்படை நாட்களை எடுப்பார்கள். பிறகு கூட்டல் கழித்தல். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறையும், நெடுநாளாகச் சுத்தமான ரெக்கார்டு இருந்தால் குறையும். சமீபத்தில் இதே குற்றம் செய்திருந்தால் ஏறும், பெரிய ரேஸ் என்றால் ஏறும்.

விளைவு மட்டும் பார்த்துத் தண்டனை கொடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னக் கவனக்குறைவில் குதிரை விழுந்துவிடலாம், பெரிய கவனக்குறைவில் பின்னால் வந்தவரின் சாமர்த்தியத்தால் ஒன்றுமே ஆகாமல் போகலாம். இரண்டாவதற்கும் நல்ல தண்டனை கொடுக்கிற ஸ்டீவர்டுதான் நல்ல ஸ்டீவர்டு.

இந்தியாவில் தடையை வழக்கமாக ரேஸ் நாட்களில் எண்ணுகிறார்கள், அபராதமும் உண்டு. நாள்காட்டி நாளும் ரேஸ் நாளும் ஒன்றில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ரேஸ் நடக்கும் சீசனில் நான்கு ரேஸ் நாள் தடை என்றால் இரண்டு வாரச் சம்பாத்தியம் போயிற்று.

தடை விதித்த பிறகும் அந்த வாரமே ஓட்டினாரே, எப்படி?

தடை பல இடங்களில் உடனே தொடங்காது. அப்பீலுக்கு அவகாசம் வேண்டும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சவாரிகள் இருக்கும், குதிரைச் சொந்தக்காரர் வேறு ஜாக்கி தேட வேண்டும். பிரிட்டனில் சம்பவம் நடந்த 14 நாள் கழித்துத் தொடங்குவது வழக்கம்.

2022 செப்டம்பர் 30-இல் பாரிஸ் பக்கத்து சேன்-க்ளூ களத்தில் ஜாக்கி கிறிஸ்டோஃப் சுமியோன், பக்கத்தில் ஓட்டிய ரோசா ரயனை முழங்கையால் இடித்துக் குதிரையிலிருந்து விழவைத்தார். 60 நாள் தடை விதித்தார்கள். அது அக்டோபர் 14-இல்தான் தொடங்கியது. நடுவில் பிரான்சின் பெரிய ரேஸான ஆர்க் த திரியோம்ஃபில் வதேனி என்ற குதிரையை ஓட்டி இரண்டாவதாக வந்தார். எழுந்த கண்டனம் கொஞ்சமில்லை. சாதாரணக் கவனக்குறைவுக்கு இந்த அவகாசம் நியாயம். வேண்டுமென்றே ஒருவரைத் தள்ளிவிட்டவருக்கும் அதே சலுகை கிடைப்பது சரியில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அப்பீல் செய்யலாமா? தடைக்காலத்தில் வேறு ஊரில் ஓட்டலாமா?

அப்பீல் செய்யலாம். ரேஸ் நடத்தும் கிளப்பின் அப்பீல் போர்டுக்கு, குறித்த கெடுவுக்குள், பணம் கட்டி எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜெயிக்கிற அப்பீல்கள் பெரும்பாலும் குற்றத்தை முழுசாக மறுப்பவை அல்ல. அடுத்த பக்கத்து நெருக்கலைக் கணக்கில் எடுக்கவில்லை, இதே மாதிரி சம்பவத்துக்கு இன்னொருவருக்குக் குறைவாகக் கொடுத்தீர்கள் என்று குறிப்பாகப் பேசுபவை.

வேறு ஊரில் ஓட்ட முடியாது. சென்னை, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, டெல்லி என்று எங்கே தடை விதித்தாலும் மற்ற கிளப்களும் அதை மதிக்கும். வெளிநாட்டு அமைப்புகளும் அப்படியே. காலைப் பயிற்சியில் குதிரை ஏறலாமா என்பதை உத்தரவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குதிரையை இழுத்துப் பிடித்து ஓட்டினால் அதுவும் இதில் சேருமா?

சேராது. ஜெயிக்கக்கூடிய குதிரையை ஜெயிக்கவிடாமல் ஓட்டுவது நேர்மைக் குற்றம். அதற்குத் தடை மாதக்கணக்கில் போகும், லைசென்ஸே போகலாம். சாட்டை விதியும் தனி. உதாரணமாக பிரிட்டனில் 2023 முதல் தட்டைக்கள ரேஸில் 6 சாட்டையடி, தடை தாண்டும் ரேஸில் 7 சாட்டையடி வரம்பு. வரம்பைவிட 4 அல்லது அதற்கு மேல் போனால் குதிரைக்கே தகுதி நீக்கம். ஒரே ரேஸில் ஒரு ஜாக்கி இரண்டு குற்றத்துக்கும் தனித்தனியாகத் தண்டனை வாங்க முடியும்.

என்குயரி அறிவித்தால் டிக்கெட்டை என்ன செய்வது?

கையிலேயே வைத்திருங்கள், கிழித்துப் போடாதீர்கள். முடிவு உறுதியான அறிவிப்பு வரும்வரை பணம் தரமாட்டார்கள். உறுதியான பிறகு அப்பீலில் எது மாறினாலும் பந்தயப் பணத்தில் மாற்றம் வராது. கோப்பையும் பரிசுத் தொகையும் கைமாறலாம், உங்கள் டிக்கெட் மாறாது.

கிண்டியில் இதையெல்லாம் நேரில் பார்க்க முடியுமா?

கிண்டியில் 1777-இலிருந்து குதிரைப் பந்தயம் இருந்துவருகிறது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அந்த நிலத்தின் குத்தகையை ரத்து செய்தது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. புதுச்சேரியிலிருந்து 150 கிலோமீட்டர் போய் வாசலில் நிற்காமல், ரேஸ் நாள் உண்டா என்று முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் பையன் அப்ரெண்டிஸ் ஜாக்கியாகச் சேர ஆசைப்படுகிறான். எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பெங்களூரு டர்ஃப் கிளப்பில் அப்ரெண்டிஸ் ஜாக்கிப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஆரோவில் பக்கத்துக் குதிரையேற்றப் பயிற்சி, உட்காரும் முறைக்கும் சமநிலைக்கும் நல்ல அடித்தளம். ஆனால் கூட்டத்தில் ஓட்டுவது தனி வித்தை. புதியவர்கள் மாட்டுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, குதிரைகள் புறப்படும் கேட் திறந்த முதல் 200 மீட்டர்: வெளி கேட்டிலிருந்து ரெயிலைப் பிடிக்கும் அவசரத்தில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வருவார்கள். மற்றது கடைசி 200 மீட்டர்: வலுவான கையில் மட்டும் சாட்டை பழகியதால் கை மாற்றத் தெரியாமல் குதிரையை ஒரே பக்கம் தள்ளுவார்கள். பலவீனமான கையால் சாட்டை பிடிக்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே ஏற்படுத்துங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லப் பழக்குங்கள். தெரிந்தும் மறுத்தால் நாளும் ஏறும், நம்பிக்கையும் போகும்.

திருவிழாக் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு இந்த முறையைக் கொண்டுவர முடியுமா?

கிளப் விதி அங்கே செல்லாது, ஆனால் முறையைக் கடன் வாங்கலாம். போலீஸ் அனுமதியும் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் முதலில். பிறகு, திரும்பும் இடத்தில்தான் இடிபாடு நடக்கும் என்பதால் அங்கே வண்டிகளுக்கு நேர் எதிரே, பாதையை விட்டு விலகி, அசையாத ஸ்டாண்டில் ஒரு மொபைல் கேமராவை வையுங்கள். பக்கவாட்டில் இன்னொன்று. "முன்வண்டியின் சக்கரம் பின்குதிரையின் மூக்கைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போன பிறகே கோடு மாறலாம்" என்று எல்லோரையும் வைத்துக்கொண்டு தொடங்கும் முன்பே படித்துச் சொல்லுங்கள். எந்த வண்டியிலும் பங்கோ உறவோ இல்லாத மூன்று பேரைத் தீர்ப்புக்கு உட்காரவையுங்கள். பரிசைக் கையில் கொடுத்துவிட்டு வீடியோ பார்க்காதீர்கள். படம் பார்த்து முடித்த பிறகு மைக்கில் முடிவைச் சொல்லுங்கள்.